ஃப்ரீசெல் ஆடுறது எப்படி, அத இப்ப எங்க தேடுறது

பழைய விண்டோஸ்ல சாலிடேர், மைன்ஸ்வீப்பர் பக்கத்துலயே ஃப்ரீசெல்னு ஒரு சீட்டாட்டம் இருக்கும், நிறைய பேர் ஒரு தடவ திறந்து பாத்துட்டு புரியலன்னு மூடிருப்பீங்க. கம்ப்யூட்டரோட சும்மா வந்த கேம்கள்லயே எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். சாலிடேர்ல பாதி சீட்டு கவுந்து கிடக்கும், சீட்டு சரியா விழலன்னா என்ன பண்ணாலும் நகராது. இதுல 52 சீட்டும் மொதல்லயே எட்டு வரிசைல முகம் காட்டிட்டு இருக்கும்.

ரூல் கொஞ்சந்தான். மேல வலது பக்கம் நாலு இடம், ஏஸ்ல ஆரம்பிச்சு ராஜா வரைக்கும் ஆட்டின் தனியா ஸ்பேட் தனியான்னு ஏத்தணும். இடது பக்கம் நாலு காலி கட்டம், ஒன்னுல ஒரு சீட்டு நிறுத்தி வைக்கலாம். கீழ வரிசைல செவப்பு மேல கருப்பு, கருப்பு மேல செவப்புன்னு ஒவ்வொரு நம்பரா இறங்கணும்.

மவுஸ தொடுறதுக்கு முன்னாடி நாலு ஏஸும் நாலு ரெண்டும் எங்க புதைஞ்சிருக்குன்னு பாருங்க, அத வச்சுதான் எந்த வரிசைய மொதல்ல தோண்டணும்னு முடிவு பண்ணணும். கட்டத்துல சீட்ட போடுறது கடன் வாங்குற மாதிரி, எப்ப வெளிய எடுப்போம்னு தெரியாம போடவே கூடாது. நாலு கட்டமும் காலியா இருந்தா அஞ்சு சீட்ட சேத்து நகர்த்தலாம், கூட ஒரு வரிசையும் காலியா இருந்தா பத்து சீட்டு, அதனால ஒரு வரிசைய காலி பண்றதுதான் பெரிய விஷயம், அத கிடைச்ச சீட்ட போட்டு வீணாக்காதீங்க. அப்புறம் சின்ன சீட்ட எல்லாம் அவசரமா மேல ஏத்தாதீங்க, கருப்பு அஞ்ச ஏத்திட்டா செவப்பு நாலு உக்கார எடம் இல்லாம தவிக்கும்.

1978ல பால் ஆல்ஃபில் இத இல்லினாய் யுனிவர்சிட்டியோட பிளேட்டோங்கிற கம்ப்யூட்டர் சிஸ்டத்துல எழுதினார், அப்புறம் மைக்ரோசாஃப்ட்ல ஜிம் ஹார்ன் விண்டோஸுக்கு எழுதினத விண்டோஸ் 95 எல்லார்கிட்டயும் கொண்டு போய் சேத்துச்சு. 1ல இருந்து 32000 வரைக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு நம்பர், எஃப்3 அழுத்தி நம்பர் போட்டா உலகத்துல யார் கம்ப்யூட்டர்லயும் அதே சீட்டுதான் விழும். 1994ல டேவ் ரிங்னு ஒருத்தர் இன்டர்நெட்ல ஆள் சேத்து அந்த 32000த்தையும் பங்கு போட்டு கொடுத்தார், எல்லாரும் ஆடி முடிச்சப்ப ஒன்னே ஒன்னுதான் மிச்சம், 11982. அதுக்கு வழியே இல்லன்னு பின்னாடி கம்ப்யூட்டர் போட்டும் பாத்துட்டாங்க. அப்படின்னா மத்த எந்த நம்பர்ல மாட்டினாலும் வழி இருக்கு, அதே நம்பர மறுபடி போட்டு வேற எடத்துல இருந்து தோண்டுங்க.

2012ல விண்டோஸ் 8 வந்தப்ப இந்த கேம்களெல்லாம் கூட வர்றது நின்னு போச்சு. இப்ப மைக்ரோசாஃப்டோட சாலிடேர் கலெக்ஷன்ங்கிற ஆப்ல ஃப்ரீசெல் இருக்கு, ஆனா விளம்பரம் வரும், வேணாம்னா காசு கட்டணும், இன்டர்நெட்டே இல்லாத வீட்டுலயும் ஓடின கேமுக்கு இந்த நிலைமைன்னா மனசு கஷ்டமாதான் இருக்கு. பழைய நம்பரோட ஆடணும்னா பைசோல்எஃப்சின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஃப்ரீசெல்ல திறந்து நம்பருக்கு முன்னாடி எம்எஸ்னு இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல அடிச்சா அந்த பழைய ஆட்டமே வரும். ஒரு நம்பர ஃப்ரெண்டுக்கு அனுப்பிட்டு நீங்களும் அதையே ஆடிப் பாருங்க.