போக்கரைத் தொழிலாக்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

மலையகத்தில் 304 என்ற சீட்டாட்டத்தை ஆடுவதில் கெட்டிக்காரர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். எந்தச் சீட்டு இறங்கியது, எது இன்னும் ஒளிந்திருக்கிறது என்று விரல் மடக்காமலே சொல்வார்கள். அந்தத் தைரியத்தில் போக்கர் போட்டிகளில் இறங்கலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. 304 இல் எல்லாச் சீட்டும் பங்கிடப்படுகிறது, கூட்டாளியும் உண்டு. போக்கரில் எதிராளி தன் சீட்டைக் காட்டாமலே பல ஆட்டங்கள் முடிந்துவிடும். நினைவாற்றல் அங்கே பாதி வழிக்குத்தான் துணை வரும்.

அடுத்தது, வென்ற தொகையை வருமானம் என்று எண்ணுவது. 2003 இல் கிறிஸ் மணிமேக்கர் 86 டொலர் இணையத் தகுதிச் சுற்றிலிருந்து லாஸ் வேகஸ் உலகப் போட்டிக்குப் போய் 25 இலட்சம் டொலர் வென்றார். அதன் பிறகு ஆசைக்கு அணை இல்லை. ஆனால் இணையத்தில் வெளியாகும் வீரர்களின் வெற்றிப் பட்டியல்களில் பரிசுத் தொகை மட்டுமே இருக்கும். நுழைவுக் கட்டணம், விமானம், விடுதி, கட்டணத்துக்காகப் பிறருக்கு விற்ற பரிசுப் பங்கு எதுவும் அதில் கழிக்கப்படுவதில்லை. ஐந்து இலட்சம் டொலர் வென்றவர் அந்த ஆண்டு நட்டத்தில் இருந்திருக்கலாம்.

பணத்தின் அளவை நம் ஊர்க் கணக்கில் பாருங்கள். 100 டொலர் போட்டி ஏறத்தாழ 30,000 ரூபாய். 2024 இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்கூலியில் அது 22 நாள் கூலி. பெரிய போட்டிகளில் பெரும்பாலும் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில்தான் பரிசு பெறுவார்கள். அதிலும் பெருந்தொகை முதல் சில இடங்களுக்கே. நன்றாக ஆடுபவரும் மாதக்கணக்கில் வெறுங்கையோடு எழும்புவார். அதனால் குறைந்தது நூறு நுழைவுக் கட்டணமாவது தனியாக இருக்க வேண்டும் என்பது தொழில்முறை வீரர்களின் வழக்கம். அப்பா ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதியை இதற்கு எடுப்பவருக்கு என்னிடம் ஆலோசனை எதுவும் இல்லை.

சிப்ஸை, அதாவது போட்டியில் பந்தயம் கட்டத் தரும் வில்லைகளை, பணமாக நினைப்பது ஆட்டத்துக்குள் நடக்கும் தவறு. மூன்று பேர் மிஞ்சியிருக்கிறார்கள், ஆளுக்குச் சமமான சிப்ஸ். பரிசு 5,000, 3,000, 2,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரின் நிலையும் சுமார் 3,333 டொலர் பெறும். ஒருவர் முழுவதையும் தள்ளி இன்னொருவரை வெளியேற்றினால் அவரிடம் சிப்ஸ் இரட்டிப்பாகும். முதலிடத்துக்கு மூன்றில் இரண்டு வாய்ப்பு, தவறினால் இரண்டாமிடம் என்பதால் மதிப்போ 4,333 டொலர்தான். தோற்றால் 2,000 டொலரோடு வீட்டுக்கு. வரவு 1,000, இழப்பு 1,333. ஆகவே அங்கே நூற்றுக்கு 57 வாய்ப்புக்கு மேல் இல்லாமல் இறங்கக் கூடாது. சிப்ஸும் பணமும் ஒன்றேயான காசு மேசையில் வளர்ந்தவர்கள் பாதிக்குப் பாதி வாய்ப்பிலேயே தள்ளிவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய குழி, பிறர் பணத்தில் ஆடுவது. புரவலர் நுழைவுக் கட்டணம் கட்டுவார், இலாபத்தில் பாதி அவருக்கு என்பது சாதாரண ஏற்பாடு. தோற்ற தொகை கழிந்துபோவதில்லை, அடுத்த போட்டிக்குச் சேர்ந்துகொண்டே வரும். ஆறு இலட்சம் ரூபாய் அப்படிச் சேர்ந்த பிறகு எட்டு இலட்சம் வென்றால், ஆறு முதலில் அவருக்குத் திரும்பும். மிச்சம் இரண்டில் பாதி, ஒரு இலட்சம்தான் ஆடியவருக்கு. இடையில் ஒப்பந்தத்தை விட்டுப் போனால் அந்த ஆறு யாருடைய பொறுப்பு? இதை எழுதி வைக்காமல் மாமாவிடமோ மச்சானிடமோ பணம் வாங்கியவர்கள், அது கடனா பங்கா என்று கலியாண வீட்டில் வாதாடிக்கொண்டிருப்பார்கள்.

சின்னச் சங்கதிகளும் உண்டு. நுவரெலியாப் பக்கம் மழையில் மின்சாரம் போனால் இணையப் போட்டி உங்களுக்காகக் காத்திருக்காது. கட்டாயப் பந்தயம் உங்கள் சிப்ஸிலிருந்து கழிந்துகொண்டே இருக்கும். கொழும்பு கசினோவுக்கு இலங்கையர் நுழையவே டொலரில் கணக்கிட்ட வரி உண்டு. பதுளையிலிருந்து இரவு ரயிலில் தூங்காமல் போய் அன்றே போட்டியில் உட்காருவதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.