ஒரே ஹெட்செட், வெவ்வேறு தலைகள்: வி.ஆர். கருவியை ஆளுக்கேற்ப அமைக்கும் முறை

பள்ளி ஆய்வகத்திலோ கண்காட்சியிலோ ஒரே வி.ஆர். (மெய்நிகர் உண்மை) ஹெட்செட்டை, அதாவது கணினி உருவாக்கிய காட்சிக்குள்ளேயே இருப்பதுபோல் உணரச் செய்யும் தலைக்கருவியை, பலர் மாற்றி மாற்றி அணியும்போது, ஒருவர் அரை மணி நேரம் உற்சாகமாகச் சுற்றி வருவார். அடுத்தவர் மூன்றாம் நிமிடத்திலேயே அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்பார். தைரியம் போதவில்லை என்று அருகில் நிற்பவர்கள் கேலி செய்வதுண்டு. ஆனால் இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி கண்ணின் அமைப்பையும் உள்காதின் இயல்பையும் சார்ந்தது என்பதால், அணிவிப்பதற்கு முன்பே அதைக் கணித்து ஓரளவு சரிசெய்துவிட முடியும்.

முதலில் அளக்க வேண்டியது இரு கண்மணிகளுக்கும் இடையிலுள்ள தூரம். வயது வந்தோரிடம் இதன் சராசரி ஏறத்தாழ 63 மில்லிமீட்டர். 55க்குக் குறைவாகவும் 70க்கு மேலாகவும் உள்ளவர்களும் உண்டு. கண்ணாடிக்கு முன் ஒரு சாண் தொலைவில் நின்று, அளவுகோலைப் புருவத்தை ஒட்டிப் பிடித்து, வலக்கண்ணை மூடிக்கொண்டு சுழியை இடக்கண்மணியின் நடுவில் பொருத்த வேண்டும். பிறகு தலையையோ அளவுகோலையோ அசைக்காமல், இடக்கண்ணை மூடி வலக்கண்ணைத் திறந்து, வலக்கண்மணியின் நடுவில் விழும் எண்ணைப் படிக்க வேண்டும். லென்ஸ்களின் இடைவெளியை அந்த எண்ணுக்கு நகர்த்துங்கள். மெட்டா குவெஸ்ட் 2 கருவியில் 58, 63, 68 என்ற மூன்று நிலைகளே உள்ளன. குவெஸ்ட் 3இல் சிறு சக்கரத்தைத் திருப்பி நுணுக்கமாக அமைக்கலாம். இந்தச் சில மில்லிமீட்டர்களைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பெண்களுக்கு வி.ஆர். ஒத்துக்கொள்ளாது என்று நெடுநாள் பேசப்பட்டு வந்த நிலையில், ஆய்வாளர் கே ஸ்டானியும் அவருடைய குழுவினரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, லென்ஸ் இடைவெளி பொருந்தாததே அந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் என்றும், பொருந்திய பெண்களின் அனுபவம் ஆண்களுடையதை ஒத்திருந்தது என்றும் காட்டியது.

திரை கண்ணருகே இருந்தாலும் பிம்பம் ஒரு மீட்டருக்கும் அப்பால் இருப்பதுபோல லென்ஸ் காட்டுவதால், கிட்டப்பார்வை உள்ளவர்கள் தம் மூக்குக்கண்ணாடியுடனேயே அணிய வேண்டும். வெள்ளெழுத்துக் கண்ணாடி மட்டும் அணிபவருக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. மாறுகண் அல்லது சோம்பேறிக் கண் உள்ளவருக்கு இரு கண் பார்வையால் கிடைக்கும் ஆழம் தெரியாமல் போகலாம் என்றாலும், தலையை அசைக்கும்போது அருகிலுள்ளவை வேகமாகவும் தொலைவிலுள்ளவை மெதுவாகவும் நகர்வதைக் கொண்டு அவரும் தூரத்தை உணர்வார்.

அடுத்து, மலைப்பாதைப் பேருந்தில் வயிற்றைப் புரட்டுமா, ஒற்றைத் தலைவலி வருமா, மின்னும் ஒளியால் வலிப்பு வந்ததுண்டா என்று தனியாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் மருத்துவரின் அனுமதியின்றி அணிவிக்கக் கூடாது. முதல் இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால், உடல் அசையாதபோது காட்சி மட்டும் நகரும் செயலிகளைத் தவிர்க்க வேண்டும். கண் நகர்கிறோம் என்கிறது, உடலின் அசைவை உணரும் உள்காது நிற்கிறோம் என்கிறது, இந்த முரண்பாடே குமட்டலைக் கிளப்புகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அத்தகையவருக்கு நடந்து செல்லாமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நொடியில் தாவும் டெலிபோர்ட் முறையில் இடம் மாறுவதையும், வழுக்கிக்கொண்டு திரும்பாமல் 30 அல்லது 45 பாகையாகச் சட்டென்று திரும்பும் ஸ்னாப் டர்ன் முறையையும் தேர்ந்தெடுங்கள். நகரும்போது காட்சியின் ஓரங்களை இருட்டாக்கும் விக்னெட் வசதியும் உதவும்; கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அஜாய் பெர்னாண்டஸும் ஸ்டீவன் ஃபைனரும் இதன் பயனை 2016இல் சோதித்துக் காட்டினர். உட்கார வைத்துத் தொடங்குவது நல்லது.

காட்சி ஓடும்போது நீங்கள் பார்க்க வேண்டியது அணிந்திருப்பவரின் முகத்தை. மேலுதட்டில் வியர்வை அரும்புதல், அடிக்கடி எச்சில் விழுங்குதல், கொட்டாவி, அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று மௌனமாதல் ஆகிய இவை வாந்திக்கு வெகு முன்னரே வந்துவிடும் அறிகுறிகள். ஒன்று தெரிந்தாலும் அப்போதே நிறுத்துங்கள். ‘குமட்டுகிறதா?’ என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அறிகுறிகளை முன்கூட்டியே பட்டியலிட்டுக் கேட்டாலே பின்னர் சொல்லப்படும் அறிகுறிகள் கூடுவதை 2007இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. ‘எப்படி இருக்கிறது?’ என்பது போதும்.

வயிறு ஒத்துழைத்தாலும் மனம் எல்லோருக்கும் ஒன்றல்ல. கதையிலோ இசையிலோ எளிதில் ஆழ்ந்துவிடுபவர், உயரத்தில் நீட்டிய பலகையின் மேல் நிற்கும் காட்சியில் கால் நடுங்கி அமர்ந்துவிடக்கூடும். அதே பலகையில் இன்னொருவர் குதித்துக் காட்டுவார். முதல் அனுபவத்துக்கு உயரமும் இருட்டும் இல்லாத காட்சியைத் தருவதே முறை. பார்ப்பவர்களின் சிரிப்புக்காக ஒருவரைப் பலகையில் ஏற்றுவது எனக்கு உவப்பானதல்ல.

கழற்றிய பிறகு குமட்டல், தலைசுற்றல் போன்றவற்றை அளக்க 1993இல் உருவாக்கப்பட்ட எஸ்எஸ்க்யூ (சிமுலேட்டர் சிக்னஸ் க்வெஸ்டியனர்) வினாத்தாளைத் தந்து, அதிலுள்ள 16 அறிகுறிகளுக்கும் சுழி முதல் 3 வரை மதிப்பெண் இடச் சொல்லலாம். அந்தக் குறிப்பும் லென்ஸ் இடைவெளியும் பெயருக்கு எதிரே இருந்தால் அடுத்த முறை தடுமாற வேண்டியதில்லை. குமட்டியவரை அன்றே மீண்டும் முயலச் சொல்லாமல், வேறு நாட்களில் ஐந்து ஐந்து நிமிடமாகப் பழக்கினால் பலருக்கு உடல் இசைந்துவிடும். இசையாதவரை வற்புறுத்த வேண்டாம். தலைசுற்றல் முற்றிலும் தணியும்வரை, அதற்கு ஒரு மணி நேரமே ஆனாலும், அவரை இருசக்கர வாகனம் ஓட்ட அனுப்பாதீர்கள்.