கொல்லைக் கதவை மறித்த நெல் மூட்டைகள்

சென்ற தை மாதம் ஓர் இரவு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வீடு தீப்பிடித்ததாக வைத்துக்கொண்டு வெளியேறிப் பார்த்தோம். எங்களுடையது திருவாரூர்ப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடு. திண்ணை, நடை, கூடம், முற்றம், கொல்லை என்று நீளமாகப் போகும். வாசல் கிரில் கேட்டில் பூட்டு, அதன் சாவி சாமி மாடத்தில். இருட்டில் குங்குமச் சிமிழையும் விபூதித் தட்டையும் தள்ளிவிட்டு என் கை சாவியைத் தொடுவதற்குள் இரண்டு நிமிடம் போய்விட்டது. கொல்லைப் பக்கம் ஓடிய தம்பியும் திரும்பி வந்தான். அறுவடையான நெல் மூட்டைகளைக் கதவை மறித்து அடுக்கியிருந்தோம்.

வீடு பற்றிக்கொண்டால் தப்பிக்கக் கிடைப்பதே சில சமயம் அந்த இரண்டு நிமிடம்தான்.

திருட்டுப் பயத்தில் பூட்டுவதில் தவறில்லை, சாவியை எங்கோ வைப்பதுதான் தவறு. கதவருகே, வெளியிலிருந்து கை எட்டாத ஓர் ஆணியில் அது எப்போதும் தொங்க வேண்டும். கொல்லைக் கதவு இருக்கிறதே என்று நம்பியிருப்பதும் தவறு. தையில் மூட்டை மறிக்கும், ஐப்பசி மழையில் மரம் ஊதித் தாழ்ப்பாள் இறுகும். அந்த இரண்டு மாதங்களிலுமே ஒத்திகை வைத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் வழி கீற்றுச் சாய்ப்பின் கீழே போகாமலும், பக்கத்தில் வைக்கோல் போர் இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று சமையல் கூடத்துத் தீ, பள்ளியின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பறித்தது. இந்த மண்ணில் இருந்துகொண்டு கீற்றை லேசாக நினைக்க என்னால் முடியவில்லை.

பகலில் பேசி வைத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். தீயைவிடப் புகைதான் அதிகம் கொல்கிறது. அது மேலே திரளும், தரையை ஒட்டித்தான் மூச்சுவிட முடியும். அதனால் விளக்கில்லாமல், தவழ்ந்தே பழகுங்கள். மூடிய கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் திறக்காமல் வேறு வழி தேடுங்கள். பயந்த குழந்தை கட்டிலடியில் ஒளிந்துகொள்ளும். முதியவர் எழவே நேரமாகும். 'யாராவது கூட்டி வருவார்கள்' என்று விட்டால் யாரும் கூட்டி வர மாட்டார்கள். யாருக்கு யார் பொறுப்பு என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள்.

'தெருவில் கூடுவோம்' என்பதும் போதாது. ஒருவர் வாசலிலும் ஒருவர் கொல்லையிலும் நின்றால், வெளியே வந்துவிட்டவரைத் தேடி இன்னொருவர் உள்ளே ஓடுவார். எங்களுக்கு எதிர்வீட்டு வேப்பமரம். அங்கே தலையை எண்ணிய பிறகுதான் 101-க்குப் பேச்சு. நகைக்கோ பத்திரத்துக்கோ ஒருவரும் திரும்பக் கூடாது.

மாசியில் மறுபடி பார்த்தோம். மூட்டைகள் கூடத்துக்கு மாறியிருந்தன, சாவி ஆணியில் இருந்தது. அப்பாயி என் தோளைப் பிடித்தபடி ஒரு நிமிடத்துக்குள் வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டார். தம்பி மகள்தான் பொம்மையை எடுக்கப் பாதி வழியில் திரும்பினாள். அடுத்த ஒத்திகையில் அவள் கையை அவள் அம்மா பிடித்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறோம்.