கார்த்திகையில் அருவிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பார்கள். பழந்தமிழர் கூதிர் என்று அழைத்த இந்த இரண்டு மாதங்களில்தான் தடா அருவி, கைலாசகோனா என்று ஆந்திர எல்லை மலைகளை நோக்கிச் சென்னைக்காரர்கள் கேமராவும் கையுமாகக் கிளம்புகிறோம். அருவி நிறைந்து விழும் காலம் இது. உயிருக்கு ஆபத்தான காலமும் இதுதான்.

தலைக்கு மேலே இருக்கும் வானத்தை நம்புவதுதான் பெரிய தவறு. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மலை மேலே கொட்டிய மழை ஓடை வழியே இறங்கிக்கொண்டிருக்கலாம். சென்ற கார்த்திகையில் முழங்கால் அளவு நீரில் ட்ரைபாடை ஊன்றியிருந்தேன். அடியில் கூழாங்கல் தெரிந்த தண்ணீர் சட்டென்று தேநீர் நிறத்துக்கு மாறியது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன, அருவியின் ஓசை கனத்தது. கரையிலிருந்த ஊர்ப் பெரியவர் கத்திக் கூப்பிட, பையை வாரிக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். பத்து நிமிடத்தில் நான் நின்ற பாறை நீருக்குள் போய்விட்டது. நீர் கலங்கினால் இன்னொரு படம் எடுக்க நிற்காதீர்கள். ஓடையை ஒட்டிக் கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேடேறுங்கள். அக்கரையில் மாட்டிக்கொண்டால் நீர் வடியும்வரை அங்கேயே இருங்கள். காற்றழுத்தத் தாழ்வு எச்சரிக்கை இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் போனால் நீரும் தெளிந்திருக்கும்.

டிபனை முடித்துவிட்டு நிதானமாகக் கிளம்பினால் உச்சி வெயிலில்தான் போய்ச் சேர்வோம். வெயிலில் வெண்ணுரை வெளுத்துப்போகும், பாறை கறுத்துப்போகும். விடியுமுன் புறப்படுங்கள். மெல்லிய மேகமூட்டம் கிடைத்தால் அதைவிட நல்ல வெளிச்சம் இல்லை. நவம்பரில் மாலை ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும், பள்ளத்தாக்கில் அதற்கும் முன்பே இருட்டிவிடும்.

ஷட்டரை, அதாவது ஒளியை உள்ளே விடும் திரையை, நான்கைந்து விநாடி திறந்துவைத்து அருவியைப் பஞ்சுப் பொதியாக்கிவிடுகிறார்கள். அரை விநாடியிலிருந்து ஒரு விநாடிக்குள் எடுத்தால் நீரின் இழைகள் தனித்தனியாகத் தெரியும். அவ்வளவு நேரம் திறந்தால் வெளிச்சம் கூடிவிடுமே என்று அபர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, எஃப் 22 வரை சுருக்கினால் (எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்) படத்தின் கூர்மை குறையும். எஃப் 11-இல் நிறுத்திக்கொண்டு, பளபளப்பை அடக்கும் கண்ணாடியான போலரைசர் ஃபில்டரை லென்ஸ்மேல் மாட்டுங்கள். அது வெளிச்சத்தையும் குறைக்கும். அதை மெல்லத் திருப்பும்போது ஈரப்பாறையின் வெள்ளைப் பளபளப்பு அடங்கி, அடியிலிருந்து பாசியின் பச்சை மேலெழுந்து வரும். அந்தக் கணத்துக்காகவே நான் இத்தனை தூரம் போகிறேன்.

அந்தப் பாசிமேல் ரப்பர் செருப்போடு கால் வைக்காதீர்கள். குளித்துக்கொண்டிருக்கும் பெண்கள் பக்கம் கேமராவைத் திருப்புவது தவறு மட்டுமல்ல, அநாகரிகம். அவர்கள் கரையேறும்வரை படமெடுப்பதை நிறுத்திவிட்டு, லென்ஸ்மேல் தெறித்த சாரலைத் துடைத்துக்கொண்டிருங்கள். ஒரு துளி விட்டுப்போனாலும் படத்தின் நடுவில் வெள்ளைத் திட்டாக வந்து நிற்கும்.