வேதபாடக் கூட்டத்தில் நாம் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள்

வாரத்தில் ஒரு நாள் யாராவது ஒருவர் வீட்டில் கூடி வேதம் வாசிப்பது நம் சபைகளில் ரொம்ப நாள் வழக்கம். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பெந்தெகொஸ்தே, எந்தச் சபைப் பிரிவானாலும் சரி. ஆனால் பல இடங்களில் வாசிப்பு பெயருக்குத்தான். இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், ஒரே ஒரு வசனம், அதன்மேல் முக்கால் மணி நேரப் பிரசங்கம், அப்புறம் டீ. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கேட்டதையே வியாழக்கிழமை பாயில் உட்கார்ந்து கேட்பதற்குத் தனியாக ஒரு கூட்டம் எதற்கு?

பெரிய தவறு, ஒற்றை வசனத்தை உருவி எடுப்பது. வருஷப் பிறப்பு ஆராதனையில், அந்த வருஷத்துக்கான வசனம் என்று ஒற்றை வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுத்துப் பழகிய கை, வேதபாடத்திலும் அதையே செய்கிறது. யோபு 8:7ஐ எடுத்துக்கொள்ளுங்கள். துவக்கம் அற்பமாக இருந்தாலும் முடிவு சம்பூரணமாக இருக்கும் என்கிற வசனம். காலண்டரில், கடைத் திறப்பு விழா அழைப்பிதழில் எல்லாம் பார்த்திருப்பீர்கள். இதைச் சொன்னது யார் என்று உங்கள் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். கர்த்தர் என்பார்கள், சிலர் யோபு என்பார்கள். சொன்னவன் யோபுவின் சிநேகிதர்களில் ஒருவனான பில்தாத். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டு சாம்பலில் உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் போய், பிள்ளைகள் செய்த பாவத்துக்குத்தான் அந்தச் சாவு என்று ஜாடையாகக் குத்திவிட்டு, நீ சுத்தமானவனாக இருந்தால் எல்லாம் சரியாகும் என்று அவன் பேசுகிற பேச்சின் நடுவில் வருகிறது அந்த வரி. கடைசி அதிகாரத்தில் கர்த்தர், யோபுவின் சிநேகிதர்கள் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். ஆனால் அதே அதிகாரத்தில் யோபுவின் முன்னிலைமையைவிடப் பின்னிலைமைதான் அதிகமாக ஆசீர்வதிக்கப்படுகிறது. அப்படியானால் பில்தாத் சொன்னது பலித்ததா, இல்லையா? இதை எடுத்துப் போட்டால் வாயே திறக்காதவர்கள்கூடப் பேசுவார்கள். 8:7ஐ மட்டும் வாசித்தால் இந்தக் கேள்வியே வராது.

எரேமியா 29:11ம் அப்படித்தான். நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைத் தருவேன் என்று கர்த்தர் சொல்கிற வசனம், பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனம், ஊர் திரும்ப எழுபது வருஷம் ஆகும் என்கிறது. பாபிலோனில் அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பாதிப் பேர் ஊர் திரும்பவே முடியாத வயதில் இருந்திருப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்த வசனத்தைப் பிடித்துக்கொள்வது வேறு, தெரியாமல் ஸ்டேட்டஸ் போடுவது வேறு.

புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கிற வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டவை. சபைகளுக்குக் கடிதம் எழுதிய அப்போஸ்தலன் பவுல் எண் போட்டு எழுதவில்லை. கொலோசெயருக்கு எழுதியதைச் சபையில் வாசித்துவிட்டு லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்று அவரே சொல்கிறார். எல்லாரும் உட்கார்ந்து முழுசாகக் காதால் கேட்பதற்கு எழுதப்பட்டவை இந்த நிருபங்கள், அதாவது கடிதங்கள். பிலிப்பியர் மொத்தமே 4 அதிகாரம், நிதானமாக வாசித்தாலும் கால் மணி நேரம்தான் ஆகும். முழுசாக வாசித்து முடித்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.

வாசிக்கிற விதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. வரிசையாக ஆளுக்கு ஒரு வசனம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பையன் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணி, தன் பங்குக்கு வரப்போகிற வசனத்தை வாய்க்குள்ளேயே எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறான். மற்ற வசனம் எதுவும் அவன் காதில் விழுந்திருக்காது. கண்ணாடியை மறந்து வந்த பாட்டி அடுத்த வாரம் வராமலே இருந்துவிடுவார். நன்றாக வாசிக்கிற இரண்டு பேர் மாறி மாறி வாசித்தால் போதும், மற்றவர்கள் கேட்கட்டும்.

அப்புறம், நடத்துகிற அண்ணன். கேள்வியையும் கேட்டு, ஒருவர் யோசித்து முடிப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுகிறார். போதகர் இருந்தால் இன்னும் மோசம், எல்லார் கண்ணும் அவர் மேல்தான். போதகர்மாரே, கடைசியில் பேசுங்கள். 'இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளும் பாடம் என்ன' என்கிற கேள்வியையும் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வைக்கலாம். எந்தப் பகுதியை வாசித்தாலும் 'விசுவாசமா இருக்கணும்' என்ற ஒரே பதில்தான் அதற்கு வருகிறது. 'இதில் எது புரியவில்லை, எது உறுத்துகிறது' என்று கேட்டுப் பாருங்கள்.

முழுக்கு ஞானஸ்நானமா தெளிப்பா, ஆவியின் வரமாகத் தெரியாத பாஷையில் பேசுகிற அந்நியபாஷை இன்றைக்கும் உண்டா என்கிற சண்டைக்குள் இறங்காதீர்கள். மாற்கு சுவிசேஷம் வாசிக்க வந்தவர்கள் மனஸ்தாபத்தோடு வீட்டுக்குப் போவார்கள், அவ்வளவுதான்.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் அடுத்த வீட்டுச் சங்கதி பேசுவதை மட்டும் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். ஒரு சகோதரி தன் மகள் வீட்டுப் பிரச்சினையைக் கண்ணீரோடு சொல்கிறார், ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நாலு பேர் அவரிடமே அதை விசாரிக்கிறார்கள். அதன்பிறகு அவர் எதற்கு வாய் திறக்கப் போகிறார்?

கூட்டம் நின்றுபோவதற்குச் சாப்பாடும் ஒரு காரணம். போன வாரம் ஒரு வீட்டில் பஜ்ஜி என்றால் இந்த வாரம் அடுத்த வீட்டில் இட்லி, வடை, கேசரி. இப்படியே போனால் வாடகை வீட்டில் ஒற்றை அறையில் இருப்பவர்கள் தங்கள் வீட்டுக்குக் கூட்டத்தைக் கூப்பிடுவதையே விட்டுவிடுவார்கள். டீ மட்டும்தான் என்று முதல் வாரமே எல்லார் முன்னாலும் பேசி முடித்துவிடுங்கள்.