பித்தப்பையை எடுத்த பிறகு: வீட்டில் தேறும் நாட்களுக்கான செய்முறை விளக்கம்

பித்தப்பையில் கல் என்று ஸ்கான் காட்டி, சத்திரசிகிச்சைக்குத் திகதியும் கிடைத்துவிட்டால், அதன் பிறகு நோயாளியைவிட வீட்டுக்கு வருபவர்கள்தான் கூடுதலாகப் பேசுவார்கள். வாழ்நாள் முழுக்கப் பத்தியம் என்பார் ஒருவர். மூன்று மாதம் கட்டிலை விட்டு எழும்பக் கூடாது என்பார் இன்னொருவர். இரண்டையும் நம்பவேண்டாம். பித்தநீரைச் சுரப்பது ஈரல். நாளொன்றுக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை சுரக்கும். பித்தப்பை அதைச் சேர்த்துத் தடிப்பாக்கி, கொழுப்புச் சாப்பாடு வரும்போது வெளியே விடும் பை மட்டுமே. பை போன பின் பித்தநீர் சிறிது சிறிதாக நேரே சிறுகுடலுக்கு வந்துகொண்டிருக்கும். பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாக இந்தப் பையை அகற்றியது 1882இல். அன்று தொட்டு மனிதர்கள் அது இல்லாமல் நன்றாகவே வாழ்கிறார்கள்.

கீழே உள்ளவை நுண்துளை முறையில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் மட்டும் இட்டு, செய்துகொண்டவர்களுக்கானவை. வயிற்றைத் திறந்து செய்திருந்தால் வாட்டில் சில நாட்கள் கூடும். முழுதாகத் தேற ஆறு முதல் எட்டு வாரம் வரை செல்லலாம்.

படி 1: கண் விழித்த பின்

வயிற்றில் மூன்று நான்கு சிறிய காயங்கள் இருக்கும். தொண்டை கரகரக்கும், மயக்க நிலையில் மூச்சுக் குழாய் வைத்ததால் வருவது அது. குமட்டலும் இருக்கலாம். பலரைத் திடுக்கிட வைப்பது தோள்மூட்டு நோ. வயிற்றை வெட்டினார்கள், தோள் ஏன் நோகிறது? உள்ளே பார்க்க இடம் வேண்டி வயிற்றைக் காபனீரொட்சைட்டால் ஊதியிருப்பார்கள். மிஞ்சிய வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகட்டை உறுத்த, அதன் நரம்பு வழியாக நோ தோளில் தெரிகிறது. இரண்டு மூன்று நாட்களில் தானாகப் போய்விடும். அதற்கு நல்ல மருந்து நடை. தாதி எழும்பச் சொன்னதும் எழும்பி மெல்ல நடவுங்கள். காலில் இரத்தம் உறைவதையும் அதுவே தடுக்கும்.

எழும்பும் முறை முக்கியம். நேரே நிமிராமல் ஒரு பக்கம் சரிந்து, முழங்கையை ஊன்றி எழும்புங்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடியுங்கள்.

படி 2: வீடு திரும்புதல்

சிக்கல் இல்லாவிட்டால் பெரும்பாலும் மறுநாளே விடுவார்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிப் போக நினைக்காதீர்கள். கொழும்பில் செய்துகொண்டவர்கள் அன்றிரவே யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறுவது நல்லதல்ல. எட்டு ஒன்பது மணித்தியாலம் காலைத் தொங்கப்போட்டிருப்பது எவருக்கும் உகந்ததல்ல. சில நாள் தங்கி, ரயிலில் வந்தால் இடையிடையே எழுந்து நடக்கலாம்.

படி 3: மருந்தும் குளிப்பும்

பரசிட்டமோல் என்று எழுதித் தந்திருப்பார்கள். வீட்டில் இருக்கும் பனடோலும் அதே மருந்துதான். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஈரலுக்குக் கேடு. வளர்ந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் கூடாது. கடுமையான நோமருந்துகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும். தண்ணீரும் பப்பாசிப்பழமும் உதவும்.

வைத்தியர் அனுமதித்ததும் மேலால் வார்த்துக் குளிக்கலாம். காயத்தைத் தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதுவும் பூச வேண்டாம். கிணற்றில் அள்ளுவதென்றால் இன்னொருவர் அள்ளட்டும். கீரிமலைக் கேணியும் கடலும் காயம் முற்றாக மூடும் வரை காத்திருக்கட்டும்.

படி 4: சாப்பாடு

எங்கள் ஊரில் சத்திரசிகிச்சை என்றால் ஒன்று வெறுங் கஞ்சி, இல்லையென்றால் 'உடம்பு தேறட்டும்' என்று ஆட்டிறைச்சிக் குழம்பு. நடுவழி ஒன்று உண்டு. முதல் ஓரிரு நாள் கஞ்சி, இரசம், இடியப்பம். பிறகு குழைந்த சோறு, பருப்பு, அவித்த மரக்கறி. மீன் என்றால் ஒட்டி, விளைமீன் போன்றவற்றைச் சரக்குத்தூள் போட்டு எண்ணெய் இல்லாமல் வைக்கலாம். பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கும் அதே கறி இங்கும் பொருந்தும். சொதிக்கு முதற்பாலை விட்டு, இரண்டாம் பால் போதும். தேங்காய்ப்பூவை அள்ளிப் போட்ட புட்டு, பொரித்த கணவாய், றோல்ஸ், கொத்துறொட்டி ஆகியவற்றைச் சில வாரம் தள்ளிவையுங்கள். கொழுப்பு ஒரேயடியாக வரும்போது பித்தநீர் போதாமல் வயிறு பொருமும், வயிற்றோட்டமும் வரலாம்.

மூன்று பெரிய வேளைகளைவிட ஐந்து சிறிய வேளைகள் நல்லவை. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். ஒரு நாளில் ஒரு புதிய சாமான் என்றால், ஒவ்வாதது எது என்று தெரிந்துவிடும். சிலருக்குச் சாப்பிட்டவுடன் மலம் கழிக்க ஓட வேண்டிவரும். அநேகமானோருக்குச் சில வாரங்களில் அடங்கும். அடங்காவிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள், அதற்கு மருந்து உண்டு.

படி 5: வீட்டு வேலை

நாலைந்து கிலோவுக்கு மேல் நாலு வாரமாவது தூக்காதீர்கள். தண்ணீர் வாளி, அரிசி மூட்டை, அடம்பிடிக்கும் பேரப்பிள்ளை எல்லாம் இதில் அடக்கம். இடியப்ப உரலைப் பிழிவதும் வயிற்றுத் தசைக்குக் கடும் வேலை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவுவதும் அப்படித்தான். நல்லூர்த் திருவிழாக் காலமென்றால் அங்கப்பிரதட்சணம் அடுத்த வருடம். இம்முறை வீதியில் நின்று கும்பிடலாம். கதிரையில் இருந்து செய்யும் வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் போகலாம். தோட்டக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் அது காணாது.

படி 6: எதற்குப் பயப்பட வேண்டும்

நோ நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் கூடினாலோ, காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலோ, வயிறு வீங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, காயத்தில் சீழ் கட்டினாலோ காத்திருக்க வேண்டாம். உள்ளே பித்தநீர் கசியலாம். கண் மஞ்சளாகி, சிறுநீர் கடுஞ்சாயத் தேநீர் போலவும் மலம் வெளிறியும் போனால், பித்தக் குழாயில் ஒரு கல் தங்கியிருக்கக்கூடும். செங்கமாரி என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தால் அந்தக் கல் நகராது. ஒரு கால் மட்டும் வீங்கி நோவெடுத்தாலும், மூச்சு முட்டினாலும் உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்.

படி 7: கிளினிக்

தையல் கரையும் நூலா, வெட்ட வேண்டியதா என்று வாட்டை விட்டு வரும் முன்பே கேட்டுவையுங்கள். அகற்றிய பையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அதன் அறிக்கையையும் தவறாமல் எடுக்க வேண்டும்; ஆள் சுகமானதும் அதை எடுக்கப் பலர் போவதில்லை. நோய் நிர்ணய அட்டையையும் அதனோடு ஒரே கோப்பில் வையுங்கள். பின்னொரு நாள் வயிற்றுநோவென்று போனால், வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.