பழைய ஹேட்ச்பேக்குக்கு உதிரி பாகம்: பெயரைச் சொல்லாதீர்கள், எண்ணைச் சொல்லுங்கள்

வயதான சிறிய கார்களை வீட்டில் முடக்கிப் போடுவது பெரும்பாலும் என்ஜின் அல்ல. விரிசல் விட்ட ஒரு ரப்பர் குழாய், காய்ந்துபோன ஒரு சீல், கிழிந்த ஓர் உறை என்று சின்னச் சின்னப் பாகங்கள்தான். அவற்றைக் கேட்டுப் போனால், "இந்த மாடலுக்கு இனிப் பாகம் வராது" என்ற பதில் வரும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். காரின் பெயரைச் சொல்லிக் கேட்கும்போது இல்லாத பாகம், அதன் எண்ணைச் சொல்லிக் கேட்டால் பல சமயம் கிடைத்துவிடுகிறது.

முதல் படி: காரின் அடையாளத்தை எழுதி வையுங்கள்

ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் சேஸிஸ் எண், என்ஜின் எண், தயாரிப்பு ஆண்டு, மாதம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சேஸிஸ் எண்ணில் 17 எழுத்துகளும் இலக்கங்களும் இருக்கும். முன் கண்ணாடியின் அடிப்புறத்திலோ கதவுத் தூணிலோ பானெட்டுக்குள்ளோ பாருங்கள். ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்றும் அதில் வராது. எனவே வட்டமாகத் தெரிவது பூஜ்ஜியமே.

மாதத்தையும் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே மாடலில், ஒரே ஆண்டின் நடுவிலேயே பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரையோ பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரின் இணைப்பையோ நிறுவனம் மாற்றியிருக்கலாம். ஆண்டை மட்டும் சொல்லி வாங்கினால், உறையைப் பிரித்த பிறகுதான் பொருந்தாது என்று தெரியவரும்.

இரண்டாம் படி: கெடுவதற்கு முன் பாருங்கள்

காரைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு பானெட்டைத் திறவுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் துருநிறத்தில் இருந்தால் மாற்ற வேண்டிய காலம் கடந்துவிட்டது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அதனால் அதன் கொதிநிலை இறங்கிக்கொண்டே போகும். எவ்வளவு குறைவாக ஓட்டினாலும், பொதுவாக 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ரப்பர் குழாய்களை விரலால் அழுத்தி, லேசாக வளைத்துப் பாருங்கள். வளைவில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தாலோ, குழாய் உப்பிக் கொழகொழவென்று இருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

அடுத்து, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, முன் சக்கரத்தின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் மூட்டு இணைப்பை மூடியபடி, மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை தெரியும். அதன் மடிப்புகளில் வெடிப்பு இருக்கிறதா, சக்கரத்தின் உட்புறம் கறுப்புக் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று கவனியுங்கள். இந்த நிலையில் கண்டுபிடித்தால் உறையும் புதுக் கிரீஸும் போதும். தள்ளிப்போட்டால் மண்ணும் நீரும் உள்ளே புகுந்து, வளைவில் திரும்பும்போது டக் டக்கென்று ஓசை வரத் தொடங்கும். அதன் பிறகு அந்த மூட்டு இணைப்பையோ முழு அச்சையோ மாற்ற வேண்டியதுதான்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகிறது என்பதை மறக்க வேண்டாம். பேட்டரி முழு மின்னேற்றத்தில், என்ஜின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது 14ஐ ஒட்டி இருந்தால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது.

என்ஜினின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைந்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட்டைப் பற்றி மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். உங்கள் என்ஜினில் இருப்பது பெல்ட்டா, செயினா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட்டாக இருந்து, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால், உடனே மாற்றுங்கள். பல என்ஜின்களில் அது அறுந்த நொடியே வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். இந்த வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். தண்ணீர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடினால் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: பாகத்தையே படியுங்கள்

பழைய பாகத்தைக் கழற்றியதும் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தேடலில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். விசிறி பெல்ட்டின் முதுகில் 4 பிகே 845 என்று அச்சிட்டிருந்தால், அதில் 4 வரிகள், நீளம் 845 மில்லிமீட்டர். ஆயில் சீலில் 35, 52, 7 என்றிருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், மூன்றும் மில்லிமீட்டரில். சீலில் அம்புக்குறி இருந்தால் சுழலும் திசையும் பொருந்த வேண்டும். பேரிங்கில் 6203 என்று இருந்தால் அது 17, 40, 12 மில்லிமீட்டர் அளவு. எந்த நிறுவனம் செய்தாலும் இந்த அளவு மாறாது. இவற்றைக் கார் பெயர் சொல்லாமலே வாங்கலாம்.

மற்ற பாகங்களில் தயாரிப்பாளரின் பாக எண் இருக்கும். அந்த எண் நிறுத்தப்பட்டிருந்தால், அதற்குப் பதிலாக எந்தப் புதிய எண் வந்திருக்கிறது என்று கேளுங்கள். பல சமயம் பாகம் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும், எண் மட்டும் மாறியிருக்கும்.

உங்கள் காருக்கு உடன்பிறப்பு உண்டா என்றும் விசாரியுங்கள். டொயோட்டா ஐகோ, பெஜோ 107, சிட்ரோயன் சி1 ஆகிய மூன்றும் 2005 முதல் செக் குடியரசின் கோலின் நகரில் ஒரே தொழிற்சாலையில் உருவானவை. சுசுகி ஸ்பிளாஷும் இரண்டாம் தலைமுறை ஓப்பல் அகிலாவும் அப்படியே. ஒன்றுக்குக் கிடைக்காதது மற்றொன்றின் பெயரில் அலமாரியில் இருக்கலாம்.

பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில் கதவுக் கைப்பிடி, விளக்கு, கண்ணாடி, ஜன்னல் ஏற்றும் பொறி, உட்புற பிளாஸ்டிக் பாகங்கள் ஆகியவற்றைத் தயங்காமல் வாங்கலாம். பிரேக் பேட், பிரேக் குழாய், டைமிங் பெல்ட், சீட் பெல்ட், ஏர்பேக் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

நான்காம் படி: மாட்டுவதற்கு முன்னும் பின்னும்

புதிய பாகத்தைப் பழையதன் பக்கத்தில் வைத்து துளை, பல், இணைப்பு என ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஜாக்கி காரைத் தூக்க மட்டுமே. ஸ்டாண்டு வைக்காமல் அடியில் போகக் கூடாது. பிரேக் பேட் மாற்றியிருந்தால், பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதித்த பிறகே காரை நகர்த்துங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் அதன் நட்டுகளை மறுபடியும் குறிப்பிட்ட இறுக்கத்துக்குச் சரிபாருங்கள்.

மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், பாக எண் மூன்றையும் அன்றே நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். புதியது சில வாரங்கள் ஒழுங்காக ஓடும் வரை பழைய பாகத்தைத் தூக்கி எறிய வேண்டாம்.